கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவர் யார்? பழைய பத்திரமா, டிஎன்ஏ சோதனையா: எந்த வழி யாருக்கு

குடும்ப மரம் வரைய உட்காருகிறவர்கள் மூன்று தலைமுறை மேலே போனதும் பெரும்பாலும் ஓர் ஆளிடம் வந்து நின்றுவிடுகிறார்கள். அவர் பெயர் தெரியும், ஊர் தெரியும், அவருடைய பிள்ளைகள் யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. அவரைப் பெற்றவர் யார் என்பதில்தான் வீட்டுக்குள் இரண்டு கதைகள். பெரியப்பா வீட்டில் கேட்டால் அவர் மூத்த தாரத்துப் பிள்ளை. அத்தையைக் கேட்டால் பிள்ளையில்லாத வீட்டுக்குச் சுவீகாரமாக வந்தவர். மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன குடும்பம் என்றால், தோட்டத் துரைக்குப் பிறந்தவர் என்று மூன்றாவதாக ஒரு பேச்சும் இருக்கும்.

இதைத் தீர்க்க இன்று நான்கு வழிகள் உண்டு. பழைய ஏடுகளும் பத்திரங்களும் ஒன்று. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் சோதனை இன்னொன்று. அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்ப்பது மூன்றாவது. இரண்டு பக்கத்து டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்க்கும் ஆட்டோசோமல் சோதனை நான்காவது. ‘உமிழ்நீர் அனுப்புங்கள், பூர்வீகம் சொல்கிறோம்’ என்று விளம்பரம் வருவது பெரும்பாலும் இதற்குத்தான்.

எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. அந்த முன்னோரிடமிருந்து இன்று இருப்பவர் வரை வரும் கோடு ஆண்கள் வழியாக வருகிறதா, நடுவில் பெண்கள் இருக்கிறார்களா? ‘இவராக இருக்கலாம், அவராக இருக்கலாம்’ என்று சொல்லப்படுகிறவர்கள் தங்களுக்குள் என்ன உறவு? வீட்டில் இன்னும் இருக்கிற மிக மூத்தவர் யார்? இந்த மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளாமல் பணம் கட்டினால், சோதனை முடிவு கைக்கு வந்த பிறகும் சண்டை அப்படியே இருக்கும்.

ஒரு பழைய வழக்கு சொல்லித் தருவது

ஏடும் டிஎன்ஏவும் ஒன்றுக்கொன்று எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு, உலகத்தில் மிக அதிகமாக அலசப்பட்ட ஒரு வழக்கைப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன். வர்ஜீனியாவில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் அடிமையாக இருந்தவர் சாலி ஹெமிங்ஸ் (1773–1835). சாலியின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன்தான் தகப்பன் என்று ஜேம்ஸ் காலெண்டர் என்ற பத்திரிகையாளர் 1802லேயே எழுதினார். 1873ல் சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் ஒஹையோவில் ஒரு செய்தித்தாளுக்குத் தன் வாழ்க்கையைச் சொன்னபோது, ஜெஃபர்சன்தான் தன் அப்பா என்று நேரடியாகச் சொன்னார். ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் அதை மறுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் தாத்தாவின் தங்கை மகன்களான பீட்டர் கார், சாமுவேல் கார் இருவரில் ஒருவருக்குப் பிறந்தவர்கள் என்றார்கள்.

வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் நூறு வருடத்துக்கு மேல் பேரப்பிள்ளைகளின் பக்கமே நின்றார்கள். எஜமான் வீட்டார் சொன்னதைச் சாட்சியமாகவும், அடிமையாகப் பிறந்த மகன் சொன்னதை வதந்தியாகவும் எடுத்துக்கொண்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். தன் அப்பா யார் என்று ஒருவர் சொன்னதை, அந்த வீட்டில் அவருக்கு என்ன இடம் இருந்தது என்பதை வைத்து எடைபோட்டிருக்கிறார்கள். நம் வீடுகளிலும் இளைய தாரத்தின் பிள்ளைகள் சொல்லும் கதைக்கு இந்தக் கதிதான் நேர்கிறது.

1998ல் யூஜீன் ஃபாஸ்டர் என்ற ஓய்வுபெற்ற நோயியல் மருத்துவர் ஒய் குரோமோசோமை வைத்து இதைச் சோதித்தார். ஜெஃபர்சனின் மனைவி வழியில் வளர்ந்து ஆளான மகன் யாரும் இல்லை. ஆகவே அவருடைய அப்பாவின் சகோதரர் ஃபீல்ட் ஜெஃபர்சனின் ஆண்வழி வாரிசுகள் ஐந்து பேரிடம் ரத்தம் எடுத்தார். கார் சகோதரர்களின் தாத்தா வழியில் மூன்று பேர். சாலியின் கடைசி மகன் எஸ்டன் ஹெமிங்ஸின் ஆண்வழியில் ஒருவர். தாங்களும் ஜெஃபர்சன் வாரிசுகளே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த தாமஸ் உட்சன் குடும்பத்திலிருந்து ஐந்து பேர்.

அந்த வருடம் நவம்பரில் நேச்சர் ஆய்விதழில் முடிவு வந்தது. எஸ்டன் வழி ஜெஃபர்சன் வழியோடு பொருந்தியது. அது அரிதான வகை என்பதால் தற்செயலாகப் பொருந்த வாய்ப்பு மிகக் குறைவு. கார் வழி பொருந்தவில்லை. உட்சன் வழியும் பொருந்தவில்லை. வாய்வழிக் கதைகளில் ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது.

ஆனால் ‘யாரோ ஒரு ஜெஃபர்சன்’ என்பதோடு ஒய் குரோமோசோமின் வேலை முடிந்துவிட்டது. தாமஸின் தம்பி ராண்டால்ஃபுக்கும் ராண்டால்ஃபின் மகன்களுக்கும் அதே ஒய் தான். இந்த இடத்தில் பழைய கணக்குப் புத்தகங்கள் வந்து நின்றன. எந்த நாளில் எங்கே இருந்தோம், என்ன செலவு செய்தோம் என்று ஜெஃபர்சன் விடாமல் எழுதிவைத்த பழக்கம் உள்ளவர். அரசு வேலையாக மாதக்கணக்கில் வெளியூரில் இருந்தவர், சாலியின் ஒவ்வொரு பிள்ளையும் கருவான காலத்தில் மான்டிசெல்லோவில் இருந்திருக்கிறார். அவர் இல்லாத காலத்தில் சாலி கருவுற்றதே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான், மான்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளை, எஸ்டனின் தகப்பன் தாமஸ் ஜெஃபர்சன்தான் என்பதற்கு மிக அதிக வாய்ப்பு, மற்றப் பிள்ளைகளுக்கும் அவரே தகப்பனாக இருக்கக்கூடும் என்று 2000ல் அறிவித்தது. 2001ல் இன்னொரு அறிஞர் குழுவில் பெரும்பாலோர் இதை ஏற்காமல் ராண்டால்ஃபைக் காட்டினார்கள். எனக்குப் படுவது, அந்தக் கணக்குப் புத்தகங்களை ஒதுக்கிவைத்தால் ஒழிய அந்த முடிவுக்கு வர முடியாது.

இந்த வழக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தங்கை மகன்களைக் கைகாட்டியதால்தான் ஒய் சோதனை வேலை செய்தது. தங்கை மகன் வேறு வம்சம். பேரப்பிள்ளைகள் முதலிலேயே தம்பியைக் கைகாட்டியிருந்தால் அந்தச் சோதனையால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

ஒய் சோதனை: பங்காளிகளுக்குள் பிரிக்காது

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒய் குரோமோசோம் பங்காளி வழியில் போகிறது. ஒரே வம்சத்துப் பங்காளிகள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே ஒய். மாமன் மச்சான் வழிக்கு வேறு ஒய். இதை மனதில் வைத்துக்கொண்டால், இந்தச் சோதனை எப்போது உதவும் என்பது உடனே தெரிந்துவிடும்.

கொள்ளுத்தாத்தா சுவீகாரம் வந்தவரா என்பது கேள்வி என்று வைப்போம். நம் பக்கத்தில் பிள்ளையில்லாதவர்கள் முதலில் பார்ப்பது அண்ணன் தம்பி மகனைத்தான். அப்படி வந்தவர் என்றால், பெற்றவருக்கும் வளர்த்தவருக்கும் ஒரே ஒய். சோதனை ‘பொருந்துகிறது’ என்றுதான் சொல்லும். அதைப் பார்த்துவிட்டு ‘அப்படியானால் சொந்தப் பிள்ளைதான்’ என்று முடிவு கட்டினால் தப்பு. மகள் வயிற்றுப் பேரனையோ மனைவியின் உறவுக்காரப் பையனையோ எடுத்திருந்தால் ஒய் வேறாக இருக்கும், சோதனை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். தோட்டத் துரை கதைக்கும் இது நல்ல சோதனை.

நிபந்தனை ஒன்று உண்டு. இரண்டு பக்கத்திலும் நடுவில் ஒரு பெண்கூட வராத ஆண்வழி வாரிசு உயிரோடு இருக்க வேண்டும். சோதிப்பவர் பெண்ணாக இருந்தால் அண்ணன், தம்பி, அப்பா, சித்தப்பா யாரையாவது கேட்க வேண்டும். ஒய் குரோமோசோமில் 12 இடங்களை மட்டும் ஒப்பிடும் பழைய மலிவு வகையை எடுக்காதீர்கள்; அதில் சம்பந்தமே இல்லாதவர்களும் பொருந்திவிடுவார்கள். 37 இடங்களாவது வேண்டும், முடிந்தால் 111. அதற்கு மேல் ஒய் முழுவதையும் படிக்கும் வகைக்குப் பல மடங்கு செலவாகும். இன்னார் வம்சமா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு அவ்வளவு தேவைப்படாது.

இன்னொரு எச்சரிக்கை. பொருந்தவில்லை என்று வந்தால், கோடு எந்தத் தலைமுறையில் அறுந்தது என்பதை அந்தச் சோதனை சொல்லாது. இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகள் 2012ல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தன. அவருடைய அக்கா வழியாகப் பெண் கோட்டில் வந்த வாரிசுகளோடு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பொருந்தியது. ஆண்வழியில் அவரோடு சேரவேண்டிய ஐந்து பேரின் ஒய் பொருந்தவில்லை. அந்த ஐந்து பேருக்குள்ளேயே ஒருவருடையது மற்ற நால்வரிடமிருந்து வேறாக இருந்தது. நானூறு, ஐந்நூறு வருடக் கோட்டில் எங்கோ ஓரிடத்தில், ஏட்டில் அப்பா என்று இருப்பவர் பெற்ற அப்பா இல்லை. ஆகவே உங்கள் பக்கத்தில் ஒருவரை மட்டும் சோதித்து நிறுத்தக் கூடாது. கொள்ளுத்தாத்தாவின் இரண்டு வேறு மகன்கள் வழியில் ஆளுக்கொருவர் சோதித்து, அந்த இருவரும் தங்களுக்குள் பொருந்தினால்தான் கொள்ளுத்தாத்தாவின் ஒய் இதுதான் என்று நம்பலாம். எதிர்ப்பக்கத்திலும் அதே மாதிரி இரண்டு பேர்.

மைட்டோகாண்ட்ரியா: அம்மா யார் என்ற கேள்விக்கு, அதுவும் சில சமயம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அம்மாவிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் வரும். மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாள். ரஷ்யப் பேரரசரின் மகள் அனஸ்தேசியா என்று சொல்லிக்கொண்ட அன்னா ஆண்டர்சனின் கூற்று 1994ல் பொய்யானது இந்தச் சோதனையால்தான். அவருடைய திசு, பேரரசியின் பெண்வழியில் வந்த எடின்பரோ கோமகன் பிலிப்பின் மைட்டோகாண்ட்ரியாவோடு பொருந்தவில்லை.

கொள்ளுத்தாத்தா மூத்த தாரத்துப் பிள்ளையா இளைய தாரத்துப் பிள்ளையா என்பதற்கு இது பயன்படும் என்று தோன்றும். பயன்படாது, அவர் ஆண் என்பதால். அவருடைய மைட்டோகாண்ட்ரியா அவரோடு போய்விட்டது. அவர் பிள்ளைகளிடம் இருப்பது அவர் மனைவியுடையது. சந்தேகத்துக்குரியவர் கொள்ளுப்பாட்டியாக இருந்து, அவரிடமிருந்து மகள், மகள் வயிற்று மகள் என்று கோடு இறங்கினால் மட்டும் இதை எடுங்கள். அப்போதும், முதல் மனைவி இறந்ததும் அவள் தங்கையையே கட்டிக்கொண்ட வீடு என்றால் இரண்டு தாரத்துக்கும் ஒரே மைட்டோகாண்ட்ரியாதான். அந்த வீட்டுக்கு இது காசைக் கரைக்கும் வேலை.

ஆட்டோசோமல்: பெரியவர்கள் இருக்கும்போதே

ஆண்வழியும் பெண்வழியும் மாறி மாறி வரும் சாதாரணக் குடும்பக் கோட்டுக்கு இதுதான் வழி. அமெரிக்க ஜனாதிபதி வாரன் ஹார்டிங் தன் மகளின் தகப்பன் என்று நேன் பிரிட்டன் என்ற பெண்மணி 1927ல் வெளிப்படையாகச் சொன்னார். ஹார்டிங் குடும்பம் மறுத்தது. பிறந்தது மகள் என்பதால் ஒய் சோதனைக்கு இடமே இல்லை. 2015ல் அந்த மகளின் மகனும், ஹார்டிங்கின் தம்பி வழிப் பேரப்பிள்ளைகளும் ஆட்டோசோமல் சோதனை செய்துகொண்டார்கள். அவர்களுக்குள் இருந்த பொருத்தம், பிரிட்டன் சொன்னது உண்மையானால் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது. எத்தனையோ வருடம் பொய்க்காரி என்று பேர் வாங்கியவர் சொன்னது சரி என்றாகிவிட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

இரண்டு பேருக்குப் பொதுவாக இருக்கும் டிஎன்ஏவைச் சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் அது எப்படிக் கரைகிறது என்பதுதான் இந்தச் சோதனையின் சூட்சுமம். ப்ளெய்ன் பெட்டிங்கர் என்பவர் ஆயிரக்கணக்கானவர்களிடம் திரட்டிய அளவுகளின் 2020 பதிப்பை வைத்துச் சொல்கிறேன். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள் சராசரி 866, குறைந்தது 396, கூடியது 1397. அடுத்த தலைமுறைப் பேரப்பிள்ளைகளுக்குள் சராசரி 229. அது 41 முதல் 592 வரை ஆடும். கொள்ளுப்பேரப்பிள்ளைகளுக்குள் சராசரி 73, ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அதற்கும் அடுத்த தலைமுறைக்கு 35.

இப்போது அதே சுவீகாரக் கதையைப் போட்டுப் பாருங்கள். கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பி அந்த வீட்டுப் பிள்ளை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொள்ளுத்தாத்தா உடன்பிறந்தவரா, பெரியப்பா வீட்டிலிருந்து வந்தவரா? இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பிள்ளை இன்னும் உயிரோடு இருந்தால், உடன்பிறந்தவர் கதைக்கு 866ஐ ஒட்டி வரும், சுவீகாரக் கதைக்கு 229ஐ ஒட்டி வரும். பெரும்பாலும் ஒரே சோதனையில் தெளிவாகிவிடும். பேரப்பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்றால் 229க்கும் 73க்கும் நடுவே முடிவெடுக்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று நான்கு பேரைச் சோதித்தால் முடியும். கொள்ளுப்பேரப்பிள்ளைகளான உங்கள் தலைமுறை மட்டும் மிஞ்சியிருந்தால் 73க்கும் 35க்கும் இடையே பிரித்துச் சொல்வது மிகக் கஷ்டம்.

அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன். எந்த ஏட்டையும் தேடிப் போவதற்கு முன்னால், வீட்டின் மிக மூத்த பெரியவரிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லி, சம்மதம் வாங்கி, மாதிரியை எடுத்துவிடுங்கள். எண்பது வயதுப் பெரியம்மாவின் உமிழ்நீரில் இருப்பது உங்களுடையதில் இல்லை. பத்திரம் ஆபீஸில் இன்னும் பத்து வருடம் இருக்கும்.

அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள்

மேலே சொன்ன எண்களை அப்படியே நம் குடும்பங்களில் போட முடியாது. சோதனைக் கம்பெனிகளின் ‘இவர் உங்களுக்கு இன்ன உறவு’ என்ற கணிப்பும் இதே காரணத்தால் தடுமாறும். அந்த எண்கள் பெரும்பாலும் உறவுக்குள் கல்யாணம் செய்யாத மக்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. கொள்ளுத்தாத்தா காலத்தில் பல வீடுகளில் அதுதான் முறை, வேறு பேச்சே இல்லை.

இதனால் என்ன ஆகும்? கொள்ளுத்தாத்தா கட்டியது தன் அத்தை மகளை, அவர் மகன் கட்டியது அக்கா மகளை என்றால், இரண்டு கிளைக்கும் நடுவே ஒன்றுக்குப் பதில் மூன்று வழிகளில் டிஎன்ஏ வந்து சேர்கிறது. சுவீகாரம் வந்தவரின் வாரிசுகளுக்கும் சொந்தப் பிள்ளையின் அளவுக்குச் சென்டிமார்கன் வந்துவிடலாம். ஒரே சாதிக்குள், சில ஊர்களுக்குள் பல நூறு வருடம் பெண் கொடுத்து எடுத்த சமூகம் என்றால், சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்களோடும் சிறு சிறு துண்டுகளாகப் பொருந்தும்.

வழி இல்லாமல் இல்லை. முதலில், இரண்டு கிளையிலும் யார் யாரைக் கட்டினார்கள், கட்டியவர் ஏற்கெனவே என்ன உறவு என்று கல்யாண வரைபடத்தை முழுதாகப் போடுங்கள். பாட்டிமார்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் விவரம் இது. இரண்டாவது, சந்தேகமே இல்லாத உறவுக்காரர்கள் சிலரையும் சேர்த்துச் சோதியுங்கள். உங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பி பேரப்பிள்ளைகளுக்குள் உண்மையில் எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால், அட்டவணையை விட்டுவிட்டு அந்த அளவுகோலால் அளக்கலாம். மூன்றாவது, மொத்தக் கூட்டுத்தொகையைவிடத் தனித்துண்டுகளின் நீளத்தைப் பாருங்கள். பழைய உறவு சின்னத் துண்டுகளாக விட்டுப்போகும். கிட்டத்து உறவு நீளமான துண்டுகளைக் கொடுக்கும்.

துரை கதை மட்டும் இந்தச் சிக்கலில் மாட்டாது. கொள்ளுத்தாத்தா அப்படிப் பிறந்தவர் என்றால் அவர் பாதி ஐரோப்பியர்; தாத்தா கால், அப்பா அரைக்கால், நீங்கள் வீசம், அதாவது சுமார் 6 விழுக்காடு. இன வாரியாகப் பிரித்துக் காட்டும் அந்த வண்ணப் படத்தை நான் சாதாரணமாக நம்பச் சொல்ல மாட்டேன், ஆனால் இவ்வளவு தூரத்து இரு மக்கள் கலந்திருந்தால் அது காட்டிவிடும். அப்பாவையோ அத்தையையோ சோதித்தால் அரைக்காலாகவே தெரியும். கம்பெனிகளின் டிஎன்ஏ சேமிப்பில் பிரிட்டிஷ் வம்சாவளியினர் ஏராளம் என்பதால் அந்தப் பக்கத்து உறவினர்கள் பொருத்தமாக வருவார்கள், குடும்பப் பெயர் வரை போகலாம். இலங்கைத் தோட்டம் என்றால் எந்த வருடம் எந்தத் தோட்டத்தில் யார் துரை என்று ஃபெர்கூசன் டைரக்டரியில் இருக்கும். இந்தியாவில் இருந்த ஐரோப்பியரின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத்துக்குத் தனி வரிசையாக இருக்கின்றன.

ஏடுகள் என்ன சொல்லும், என்ன சொல்லாது

சுவீகார வழக்கோ பங்குச் சண்டையோ கிளம்புவதற்கு முன்னால் எழுதப்பட்ட ஏடுதான் விலை மதிப்பு மிக்கது. சண்டைக்குப் பிறகு எழுதப்பட்டதில் எழுதியவரின் தேவை கலந்திருக்கும். இதை வைத்துத் தேட ஆரம்பித்தால் வேலை குறையும்.

முதலில் போக வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒவ்வொரு பங்குதாரரும் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று இருப்பார். பழைய கிரயம், அடமானம், தான செட்டில்மென்ட், உயில் எல்லாவற்றிலும் அப்படியே. வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்தால் சில பத்தாண்டுகள்தான் வரும். அதற்கு முந்தையதற்கு மனு போட்டுப் பழைய அட்டவணையைத் தேடச் சொல்ல வேண்டும். கிராமப் பெயரும் சர்வே எண்ணும் கையில் இருந்தால் காரியம் நடக்கும்.

ஆனால் பங்குப் பத்திரம் சொல்வது யாரை வீடு மகனாக ஏற்றது என்பதை. யார் பெற்றார் என்பதை அது சொல்லாது. சுவீகாரப் பிள்ளையும் பத்திரத்தில் ‘குமாரர்’ தான். அந்தக் காலத்தில் எழுத்தே இல்லாமல், பத்துப் பேர் முன்னால் கொடுத்து வாங்கியதும் செல்லும். இதைவிட ஆச்சரியமாக, கணவன் சொல்லிவிட்டுப் போகாவிட்டாலும் பங்காளிகளின் சம்மதத்தோடு விதவை பிள்ளை எடுக்கலாம் என்று ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1868ல் தீர்ப்புச் சொன்னது. ஆகவே ஏட்டில் இருக்கும் ‘அப்பா’ இறந்து வருடங்கள் கழித்துக்கூட மகன் வந்திருக்கலாம். அப்பா இறந்த தேதியையும் மகன் பிறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழ் தேதியை மட்டும் நம்பாதீர்கள்; அது வாத்தியார் போட்ட தேதியாக இருக்கலாம். பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயரே இல்லாமல் ‘ஆண்’ என்று மட்டும் இருப்பதும் சகஜம். அப்பா பெயரையும் தெருவையும் வைத்துத் தேட வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய வரம். பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ எழுதப்பட்டது, அம்மா பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். மூத்த தாரமா இளைய தாரமா என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை எங்கும் கிடைக்காது.

ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வாரிசுகளுக்கும் நல்ல ஏடு உண்டு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, மாவட்டம் என்று பதிந்திருக்கிறார்கள். மொரிஷியஸ் ஏடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பலருக்குப் புகைப்படமும் உண்டு. சொத்துச் சண்டை எதுவும் இல்லாத நேரத்தில் ஒருவர் தன் வாயால் சொன்ன அப்பா பெயர் என்பதால் நான் இதற்கு நிறைய மதிப்புக் கொடுப்பேன். எழுதிக்கொண்டவர் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர் சிதைந்திருக்கும். சத்தமாகப் படித்துப் பார்த்தால் பிடிபடும். கங்காணி மூலம் மலாயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களுக்கு இப்படி ஆள்வாரியான பதிவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர்கள் டிஎன்ஏ பக்கம் சீக்கிரமே போக வேண்டியிருக்கும்.

சரி, எதை எடுப்பது?

இரண்டு பக்கமும் ஆண்வழி வாரிசு இருந்து, சந்தேகம் வம்சத்துக்கு வெளியே உள்ள ஆள் மேல் என்றால் ஒய் சோதனை; மலிவாகவும் தெளிவாகவும் முடியும். சந்தேகம் பங்காளிகளுக்குள் என்றால் ஒய்யை மறந்துவிட்டு, பெரியவர்களின் ஆட்டோசோமல் மாதிரியோடு பத்திரத்தையும் சேர்த்துப் பாருங்கள். எந்தத் தாரம் என்பது கேள்வி என்றால், அப்பா ஒருவரே என்பதால் டிஎன்ஏவில் வித்தியாசம் சின்னது. அங்கே இறப்புத் தேதி, ஞானஸ்நானப் பதிவு, இளைய தாரத்தின் பிறந்த வீட்டார் வழி உறவினரின் ஆட்டோசோமல் பொருத்தம் இவைதான் உதவும். சும்மா ஒரு சோதனைக் கிட் வாங்கி, யாராவது பொருந்துவார்களா என்று காத்திருப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நம்மவர்கள் அந்தச் சேமிப்புகளில் குறைவு. யாரோடு ஒப்பிட வேண்டுமோ அவரைத் தேடிப் போய்க் கேட்பதுதான் வழி.

கேட்கும்போது முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போனவருக்கு, தன் அப்பாவைப் பற்றியே எதிர்பாராத விடை வரலாம் என்பதை மாதிரி கொடுப்பவர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மேடிசன் ஹெமிங்ஸின் ஒரு மகனுடைய கல்லறையைத் தோண்டிச் சோதிக்கலாம் என்று யோசனை வந்தபோது அந்தக் குடும்பம் சம்மதிக்கவில்லை. எங்கள் வாய்ச்சொல் எங்களுக்குப் போதும் என்று ஒரு வீடு சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும்.

தகவல் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ட்வென்டித்ரீஅண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனைக் கம்பெனியில் 2023ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. முடிவு வந்ததும் மூலக்கோப்பை இறக்கி உங்களிடம் வைத்துக்கொண்டு, தேவையில்லை என்றால் அங்கே இருப்பதை அழிக்கச் சொல்லுங்கள். சொத்து வழக்குக்காகத்தான் இதெல்லாம் என்றால் வீட்டில் வாங்கிய கிட் கோர்ட்டில் நிற்காது. இந்தியாவில் திருமணத்துக்குள் பிறந்த பிள்ளை கணவனுடையது என்ற சட்ட அனுமானம் இன்னும் வலுவாக இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 112ஆவது பிரிவு, புதுச் சட்டத்தில் 116. டிஎன்ஏ சோதனையைக் கோர்ட் எளிதில் உத்தரவிடாது.

பிரெஞ்சு மண்ணில் இருப்பவர்களுக்கு, அதாவது ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தமிழ் வம்சாவளியினருக்கும், பிரான்ஸில் குடியேறிய நம்மவர்களுக்கும் இந்தத் தேர்வே வேறு. அங்கே வம்சாவளிக்காகத் தனியாரிடம் டிஎன்ஏ சோதனை செய்துகொள்வதே குற்றம், 3,750 யூரோ வரை அபராதம் உண்டு. அவர்கள் கப்பல் பட்டியலிலிருந்தும் நகராட்சிப் பிறப்பு, திருமணப் பதிவுகளிலிருந்தும் தொடங்க வேண்டும். திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரையும் எழுதுவது பிரெஞ்சுப் பதிவுமுறை என்பதால், கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவைவிட அவருடைய கல்யாணப் பதிவை முதலில் தேடுங்கள்.